காலி இருக்கைகளின் கணக்கு: இந்தியத் தரங்களை முடிவு செய்வது யார்?

சமையலறையில் கேஸ் அடுப்புக்கும் சிலிண்டருக்கும் இடையே தொங்கும் ஆரஞ்சு நிற ரப்பர் குழாயைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஐ.எஸ். 9573 என்ற எண் அதன்மேல் அச்சாகியிருக்கும். குக்கருக்கு 2347. சுவருக்குள் ஓடும் மின்வயரின் உறையில் 694. வீடு கட்டியவர்கள் டி.எம்.டி. கம்பிக்குரிய 1786-ஐப் பார்த்திருப்பார்கள். இருசக்கர வாகனம் ஓட்டுபவரின் ஹெல்மெட்டில் 4151. கடைக்குப் போய் "ஐ.எஸ்.ஐ. போட்டதுதானே?" என்று கேட்டு வாங்குவது நம் வீடுகளில் மூன்று தலைமுறைப் பழக்கம். ஐ.எஸ்.ஐ. என்ற நிறுவனம் 1987-லேயே வேறு பெயருக்கு மாறிவிட்டது. முத்திரை மட்டும் பழைய பெயரிலேயே மக்கள் நம்பிக்கையைச் சுமந்துகொண்டிருக்கிறது.

அந்த முத்திரையில் இரண்டு எண்கள் உண்டு. அடியில் சி.எம்./எல். என்று தொடங்குவது, பொருளைத் தயாரித்தவருக்கு வழங்கப்பட்ட உரிமத்தின் எண். அது உண்மையா என்று இன்று கைப்பேசிச் செயலியிலேயே பார்த்துவிடலாம். மேலே இருப்பது தர ஆவணத்தின் எண். குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கினால் போதும், வயரின் உறை எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும், எந்தச் சோதனையில் தேறினால் அது பாதுகாப்பானது என்றெல்லாம் அந்த ஆவணம் சொல்கிறது. அதை எழுதியவர்கள் யார்? அவர்களை அங்கே உட்காரவைத்தது யார்? அவர்கள் தவறினால் யாரிடம் கேட்பது? இந்த எண்ணைப் பற்றி நாம் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்த எண்ணின் பின்னால் போகிறது. நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தைப் படித்தால் உச்சியில் அமைச்சர் இருக்கிறார், மன்றம் இருக்கிறது, தலைமை இயக்குநர் இருக்கிறார். தரம் பிறப்பதோ அவர்களுக்கெல்லாம் கீழே, சம்பளம் வாங்காத வல்லுநர்கள் கூடும் ஒரு மேசையில். அந்த மேசையில் யாருக்கு இருக்கை இல்லையோ, அவர் தலையில்தான் செலவும் ஆபத்தும் விழுகின்றன. தரம் விருப்பத்துக்குரியதாக இருந்தவரை இதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தரமே சட்டமாகிவிட்ட காலத்தில் பொறுக்க முடியாது.

சங்கமாகப் பிறந்தது

இந்தியத் தர நிறுவனம், அதாவது ஐ.எஸ்.ஐ., 1947 ஜனவரி 6 அன்று, சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே பிறந்தது. 1946 செப்டம்பரில் அன்றைய அரசு எடுத்த முடிவின்படி, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கமாகவே அது பதிவானது. முதல் இயக்குநர் லால் சந்த் வர்மன் ஓர் அறிவியலாளர். அதற்கும் முன்பே, 1946 அக்டோபரில், 25 நாடுகள் லண்டனில் கூடி ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தர அமைப்புக்கு அடித்தளம் இட்டபோது இந்தியாவும் அவற்றில் ஒன்றாக இருந்தது.

ஐ.எஸ். 1 என்ற முதல் எண் தேசியக் கொடிக்குப் போனது. கதர்த் துணியின் நெசவு, சாயத்தின் உறுதி, சக்கரத்தின் 24 ஆரங்கள், மூன்றுக்கு இரண்டு என்ற அளவு ஆகிய அனைத்தையும் அந்த ஆவணம் வரையறுத்தது. கொடியை வணங்க வேண்டிய பொருளாக மட்டும் பார்க்காமல், சரியாகச் செய்ய வேண்டிய பொருளாகவும் பார்த்த தலைமுறை அது.

1952-இல் முத்திரைக்கான சட்டம் வந்தது. 1950-களின் நடுவில் உரிமம் வழங்கும் பணி தொடங்கியது. அப்போதும் நிறுவனம் சங்கமாகவே தொடர்ந்தது. அரசும் தொழில்துறையும் அறிவியலாளரும் சேர்ந்து நடத்திய மன்றம் என்பதே அதன் இயல்பு. 1986-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1987 ஏப்ரல் 1 முதல் அது இந்திய தர நிர்ணய அமைவனம் ஆனது. சுருக்கமாக பி.ஐ.எஸ். மறுபடியும் 2016-இல் புதுச் சட்டம் வந்து, 2017 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேசியத் தர அமைப்பு என்ற தகுதியை அது பி.ஐ.எஸ்.ஸுக்குச் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தது. பொருள்களோடு சேவைகளும் செயல்முறைகளும் தரத்தின் எல்லைக்குள் வந்தன.

எழுபது ஆண்டில் நடந்த பயணத்தைச் சுருக்கினால், சங்கம் அரசின் கிளையாகிவிட்டது எனலாம். அதனால் கிடைத்த வலிமை மெய்யானது. போலி முத்திரை குத்துபவருக்குச் சிறைத்தண்டனை வரை வாங்கித் தர முடிகிறது. ஆனால் முடிவெடுக்கும் முறை மட்டும் நிறுவனம் சங்கமாக இருந்த காலத்து முறையாகவே நின்றுவிட்டது. இன்றைய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தப் பொருத்தமின்மையிலிருந்தே கிளைக்கின்றன.

மேல்மாடி

பி.ஐ.எஸ்.ஸின் உச்ச அமைப்பு ஆட்சி மன்றம். நுகர்வோர் விவகாரத் துறையைக் கையில் வைத்திருக்கும் ஒன்றிய அமைச்சரே அதன் தலைவர், இணையமைச்சர் துணைத் தலைவர். துறைச் செயலாளர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோரோடு மாநில அரசுகள், தொழில்துறை, ஆய்வு நிறுவனங்கள், நுகர்வோர் அமைப்புகள் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் உறுப்பினர்கள். 1986 சட்டத்தின் காலத்தில் இவர்கள் மொத்தம் 25 பேர் இருந்தார்கள். மன்றத்துக்குக் கீழே, தலைமை இயக்குநர் தலைமையில் நிர்வாகக் குழு. நிதி, தரங்கள், இணக்க மதிப்பீடு, சோதனை ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆலோசனைக் குழுக்கள்.

தலைமை இயக்குநரை நியமிப்பது ஒன்றிய அரசு. முதல் இயக்குநர் அறிவியலாளராக இருந்த நாற்காலியில் அண்மைப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் திறமையானவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும், ஒரு தரம் எழுதி முடிக்கவே சில ஆண்டுகள் பிடிக்கும் நிறுவனத்தில், எந்நேரமும் வேறு துறைக்கு மாற்றப்படக்கூடியவர் தலைமையில் இருப்பது தொடர்ச்சிக்கு நல்லதல்ல. கொள்கை சார்ந்த விஷயங்களில் அரசு இடும் கட்டளைக்கு அமைவனம் கட்டுப்பட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆக, மேல்மாடியில் தன்னாட்சி மிகக் குறைவு. அமைச்சரே தலைவர் என்பதால், அமைச்சகத்திடம் "இது தொழில்நுட்ப ரீதியில் சரியல்ல" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் நிறுவனம் தன் தலைவரிடமே அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழே, மேசையில்

இந்திய தர ஆவணங்கள் இன்று 22,000-க்கும் மேல். இவற்றை எந்த அமைச்சரும் எழுதவில்லை. கட்டுமானம், மின்பொறியியல், உணவும் வேளாண்மையும், ஜவுளி, மருத்துவக் கருவிகள் என்று துறைவாரியாகப் பேரவைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பேரவையின் கீழும் பிரிவுக் குழுக்கள், அவற்றின் கீழ் துணைக் குழுக்கள், பணிக் குழுக்கள். சிமெண்டும் கான்கிரீட்டும் சி.இ.டி. 2 என்ற குழுவுக்கு. ஐ.ஐ.டி. பேராசிரியர், சிமெண்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர், பொதுப்பணித் துறைப் பொறியாளர், ஆய்வகத்தின் விஞ்ஞானி, எப்போதாவது ஒரு நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதி என இப்படிப்பட்டவர்கள் ஒன்றாக உட்காருவார்கள். இதற்கென்று அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

வேலை நடக்கும் விதம் நேர்த்தியானது. கோரிக்கை வரும். குழு ஏற்றால் முதல் வரைவு தயாராகும். பிறகு பொதுச் சுற்றுக்கான வரைவு வெளியாகும். பெரும்பாலும் 60 நாள் அவகாசம் தரப்படும். உலக வணிக அமைப்பின் உடன்படிக்கையும் தர அமைப்புகளுக்குச் சொல்லும் அளவு அதுதான். வந்த கருத்துகளைக் குழு பரிசீலித்து இறுதி வடிவம் கொடுக்கும், பேரவைத் தலைவர் ஒப்புதலோடு ஆவணம் வெளிவரும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதைத் திரும்பவும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முடிவுகள் கூடியவரை கருத்தொற்றுமையில் எடுக்கப்படுகின்றன. எல்லோரும் "சரி" என்று சொல்ல வேண்டும் என்பது அதற்குப் பொருளல்ல. முக்கியமான எந்தத் தரப்பும் கடைசிவரை எதிர்த்து நிற்காதிருந்தால் போதும். கேட்க நியாயமாக இருக்கும் இந்த விதி, நடைமுறையில் வேறொன்றைச் செய்கிறது. எதிர்த்து நிற்க வேண்டுமானால் முதலில் அங்கே இருக்க வேண்டும். இல்லாதவரின் மௌனம் சம்மதமாகவே கணக்காகிறது.

பொதுச் சுற்று வரைவுக்குக் கருத்துச் சொல்லும் படிவத்தை ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். எத்தனையாவது பிரிவு, உட்பிரிவு என்று ஒரு கட்டம். கருத்து பொதுவானதா, தொழில்நுட்பமா, சொற்திருத்தமா என்று இன்னொரு கட்டம். மாற்றாக எழுத வேண்டிய வாசகம், அதற்கான நியாயம். எல்லாம் ஆங்கிலத்தில். பெரிய ஆலையில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருப்பார். பத்து தறி வைத்திருப்பவருக்கோ, அம்பத்தூரில் நான்கு லேத்தோடு பட்டறை நடத்துபவருக்கோ வரைவு வெளியானதே தெரியாது. தெரிந்தாலும், "இந்தச் சோதனைக்கான கருவி எங்கள் ஊரில் இல்லை" என்ற அவருடைய நேர்மையான கருத்து எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காது. நுகர்வோர் பக்கமும் இதே நிலைதான். அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம்போல் சொந்த ஆய்வகம் வைத்து, எண்ணுக்கு எண் வாதாடக்கூடிய அமைப்புகள் நாட்டிலேயே மிகச் சில.

ஒரு பாட்டில் தண்ணீர்

மேசையில் எழுதப்படும் ஒரு சொல் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்குக் குடிநீர்த் தரமே நல்ல சாட்சி. புட்டியில் அடைத்த குடிநீருக்கான ஐ.எஸ். 14543, 2001-இல் கட்டாயமானது. பூச்சிக்கொல்லி எச்சம் பற்றி அன்றைய ஆவணம் சொன்னது இதுதான்: குறிப்பிட்ட முறையில் சோதித்தால் கண்டறியக்கூடிய அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். படித்தால் கடுமையான விதி போலத் தெரியும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட முறை நுட்பம் குறைந்தது. கண்ணாடி மங்கலாக இருந்தால் முகத்தில் கறை தெரியாது அல்லவா? அளவுகோலைத் தளர்த்தாமலேயே சோதனை முறையைத் தளர்வாக வைத்து விதியைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்பதை நாடு அப்போது கற்றது.

2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நுட்பமான கருவியில் சோதித்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற புட்டிகளிலும் பூச்சிக்கொல்லி இருப்பதாக அறிவித்தது. அதன்பின் குழு மறுபடியும் கூடியது. தனித்தனிப் பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், எல்லாம் சேர்த்து 0.0005 மில்லிகிராம் என்ற ஐரோப்பிய அளவு 2004 தொடக்கத்தில் இங்கும் வந்தது. ஆவணத்தில் இருந்த குறையை ஆவணம் எழுதும் அமைப்பு தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வெளியே நின்ற ஒருவர் சத்தம் போட வேண்டியிருந்தது.

அதே 2003 ஆகஸ்டில் குளிர்பானங்கள் பற்றியும் அந்த மையம் அறிக்கை வெளியிட்டது. நாடாளுமன்றம் சரத் பவார் தலைமையில் கூட்டுக்குழு அமைத்தது. 2004-இல் அந்தக் குழு அறிக்கை தந்தது. பி.ஐ.எஸ். குழு பல முறை கூடி, 2005-இல் குளிர்பானத்துக்கான வரம்புகளை முடிவு செய்தது. அதற்குப் பிறகும் சுகாதார அமைச்சகம் இன்னும் ஆய்வு தேவை என்று கூற, அந்தத் தரம் அப்படியே நின்றுபோனது. கீழே மேசையில் கருத்தொற்றுமை வந்துவிட்டது. மேல்மாடியிலிருந்து வந்த ஒரு கடிதம் அதை நிறுத்திவிட்டது. தொழில்நுட்பக் குழுவின் முடிவை அரசு நிறுத்தலாமா என்பதை விட, எந்த நிலையில், எந்தக் காரணத்தை எழுதி, எவ்வளவு காலத்துக்கு நிறுத்தலாம் என்பதே முக்கியமான கேள்வி. அதற்குத் தெளிவான விதி இருந்திருந்தால் அந்த முடிவு அந்தரத்தில் தொங்கியிருக்காது.

2024 அக்டோபரில் புட்டிக் குடிநீருக்கு பி.ஐ.எஸ். உரிமம் கட்டாயம் என்ற விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கியது. அடுத்த மாதமே அந்தக் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வு என்றது. ஒரே பொருளை இரண்டு அமைப்புகள் மேற்பார்க்கும் சுமை குறைந்தது உண்மை. சென்னையில் மாடிப்படி ஏறிவரும் இருபது லிட்டர் கேனை வாங்குகிற வீட்டாருக்கோ, இனி யாரை நம்புவது என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

எழுத்துக்கும் தரம் உண்டு

மேசை நன்றாக வேலை செய்த நாள்களும் உண்டு. மைக்ரோசாஃப்ட் முன்வைத்த ஓ.ஓ.எக்ஸ்.எம்.எல். என்ற ஆவண வடிவத்தைப் பன்னாட்டுத் தரமாக ஏற்கலாமா என்ற வாக்கெடுப்பு 2008 மார்ச்சில் வந்தது. இந்தியாவின் வாக்கை பி.ஐ.எஸ். குழு முடிவு செய்ய வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் ஒரு பக்கம், அரசுத் தகவல் நிறுவனங்களும் கல்விக்கூடங்களும் மறுபக்கம். குழு 13-க்கு 5 என்ற கணக்கில் ஏற்பில்லை என்றது. உலக அளவில் அந்தத் தரம் நிறைவேறியது. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுலா ஆகிய நாடுகள் மேல்முறையீடு செய்து அதுவும் தள்ளுபடியானது. முடிவு எந்தப் பக்கம் போயிருந்தாலும், மேசையில் பல தரப்பும் இருந்ததால் அங்கே உண்மையான விவாதம் நடந்தது. பலதரப்பு இருக்கை என்பது அலங்காரமல்ல என்பதற்கு அது போதுமான சான்று.

நம் மொழியோடு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு தரம் உண்டு. ஐ.எஸ். 13194. இந்திய எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் இஸ்கி முறை. மின்னணுத் துறை 1988-இல் வகுத்ததை பி.ஐ.எஸ். 1991-இல் தரமாக ஏற்றது. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே சட்டகம் என்பது அதன் அடிப்படை. எழுத்துக்கு எழுத்து எளிதாக மாற்றலாம் என்ற வசதி அதில் உண்டு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு, 1988 வடிவத்தைத் தழுவியே தன் இந்திய எழுத்துப் பகுதிகளை அமைத்தது.

அதன் தடயம் இன்றும் நம் கைப்பேசிக்குள் இருக்கிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் 'க' ஓரிடத்தில் இருக்கும். அடுத்த மூன்று இடங்கள் காலி. நான்காவது இடத்தில்தான் 'ங'. நடுவில் விட்ட மூன்றும் தமிழில் தனி எழுத்தில்லாத மூன்று ககர ஒலிகளுக்கான இடங்கள். எல்லோருக்கும் பொதுவான வீடு கட்டியபோது, நம் வீட்டில் நமக்குத் தேவையில்லாத அறைகளும் சேர்ந்து வந்துவிட்டன. தமிழுக்கு எது இயல்பு என்ற கேள்வி, எல்லோருக்கும் பொதுவானது எது என்ற கேள்விக்குப் பின்னால் போனது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடும், அதன் பின்வந்த விசைப்பலகைத் தரமும், 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியீட்டு முறையும் அந்தக் கேள்வியைத் தாமதமாகவேனும் எழுப்பிய முயற்சிகள். தரம் என்றால் கம்பியும் சிமெண்டும் என்று நினைக்கிறவர்கள், 'கொ' என்று தட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதும் ஒரு குழுவின் முடிவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்று தொப்பி, ஒரு தலை

பி.ஐ.எஸ். தரத்தை எழுதுகிறது. அந்தத் தரத்தின்படி பொருள் இருக்கிறதா என்று சோதித்து உரிமம் தருகிறது. தவறியவர் கிடங்கில் சோதனை நடத்தி வழக்கும் போடுகிறது. விதி எழுதுபவரும், தேர்வு நடத்துபவரும், தண்டிக்க அழைப்பவரும் ஒரே நிறுவனம்.

இதில் பணத்தின் கணக்கும் சேர்கிறது. அமைவனத்தின் வருவாயில் பெரும்பங்கு உரிமக் கட்டணங்களிலிருந்து வருகிறது. அரசு மானியத்தை நம்பாத நிறுவனம் என்பது பெருமைக்குரியதே. ஆனால் கட்டாயப் பட்டியல் நீள நீள வருவாய் பெருகும் அமைப்பில், "இந்தப் பொருளுக்குக் கட்டாயம் தேவையில்லை" என்று சொல்வதற்கு நிறுவனத்துக்குள் யாருக்கும் தூண்டுதல் இல்லை. இது யாருடைய நேர்மையைப் பற்றிய குற்றச்சாட்டும் அல்ல. கட்டமைப்பிலேயே இருக்கும் சாய்வு.

தரங்களை விற்றதும் இதே கணக்கின் ஒரு பகுதி. கட்டட விதிகளுக்கு அடிப்படையாக அமையும் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் விலை ஒரு காலத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். மக்கள் கட்டுப்பட வேண்டிய விதியைப் படிக்கவே காசு கேட்பது முறையா என்று கார்ல் மாலமூத் நடத்தும் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. சில ஆண்டுகளாக, இங்கேயே உருவாக்கிய தரங்களை யாரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். இந்த மாற்றத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். நான் மேலே சொன்ன எண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள ஆவணத்தை இன்று பாலிடெக்னிக் மாணவரும் படிக்கலாம்.

தங்கத்தில் வேறொரு மாதிரி நடைமுறை இருக்கிறது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்கத் தனி அடையாளம் வேண்டும். நகையைச் சோதிப்பது தனியார் சோதனை மையங்கள். அவற்றுக்கு அங்கீகாரம் கொடுத்து மேற்பார்ப்பது பி.ஐ.எஸ். வேலையைப் பிரித்துக் கொடுத்து மேற்பார்வையை மட்டும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு நம் வீட்டு 916 நகையே உதாரணம். தர இணக்கத்தைச் சான்றளிக்கும் பொறுப்பை அங்கீகாரம் பெற்ற வேறு அமைப்புக்கும் கொடுக்கலாம் என்று 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் கதவு இருக்கிறது, போதுமான அளவு திறக்கப்படவில்லை.

விருப்பம் கட்டாயமானபோது

16-ஆம் பிரிவின் கீழ் அமைச்சகங்கள் பிறப்பிப்பவைதாம் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள். ஆணை வந்துவிட்டால் முத்திரையில்லாமல் அந்தப் பொருளைத் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ முடியாது. 2014 வரை இருந்த ஆணைகள் 14, அவற்றில் அடங்கிய பொருள்கள் 106. 2025-இல் ஆணைகள் 180-ஐத் தாண்டின, பொருள்கள் 750-ஐத் தாண்டின. பத்தாண்டில் ஒரு நிறுவனத்தின் இயல்பையே மாற்றிய பெருக்கம் இது.

பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வாயில் வைக்கும் பொருளில் நச்சுச் சாயம் இருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. 2020 பிப்ரவரியில் ஆணை வந்து, 2021 தொடக்கத்தில் நடைமுறையானது. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு என்ற திருத்தம் 2020 டிசம்பரில்தான் வந்தது. முதல் ஆணையில் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்பவர் ஆலைக்காரருக்கான உரிம முறைக்குள் எப்படி வருவார் என்று அமைச்சகத்தில் யாராவது தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், அந்தப் பத்து மாதக் கலக்கம் தேவைப்பட்டிருக்காது.

நம் பக்கத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்தது விஸ்கோஸ் இழைக்கான ஆணை. பள்ளிபாளையம், ஈரோடு வட்டாரத்து ரேயான் விசைத்தறிகளுக்கு அந்த இழையில் நூற்ற நூல்தான் அரிசி. 2023-இல் ஆணை நடைமுறைக்கு வந்ததும், வெளிநாட்டு ஆலைகள் ஒவ்வொன்றும் பி.ஐ.எஸ். உரிமம் பெற்றால்தான் இழை இந்தியாவுக்குள் வரலாம் என்றானது. உள்நாட்டில் அந்த இழையைத் தயாரிப்பவர் மிகச் சிலர். இறக்குமதி சுருங்கியதும் நூற்பாலைகள் விலையிலும் கிடைப்பதிலும் நெருக்கடியை உணர்ந்தன. தென்னிந்திய நூற்பாலைச் சங்கங்கள் திரும்பத் திரும்ப முறையிட்டன. பாலியெஸ்டர் இழை, அதன் மூலப்பொருள்கள் ஆகியவற்றின் மீதான ஆணைகளும் இதே எதிர்ப்பைச் சந்தித்தன. 2025 நவம்பரில் அரசு இவற்றைத் திரும்பப் பெற்றது.

இந்தக் கதையில் தர ஆவணம் தவறு என்று யாரும் சொல்லவில்லை. இழையின் வலிமையையும் நீளத்தையும் அளக்கும் முறைகள் சரியாகவே இருந்திருக்கலாம். தவறு இரண்டாம் கட்டத்தில் நடந்தது. விருப்பத்துக்குரியது என்று நினைத்து ஒரு குழு எழுதிய ஆவணத்தை, அமைச்சகம் சட்டமாக்கும்போது வேறு கேள்விகள் எழ வேண்டும். எத்தனை பேர் தயாரிக்கிறார்கள்? எத்தனை ஆயிரம் பேர் அதை வாங்கிப் பிழைக்கிறார்கள்? சோதனைக்கு ஆய்வகம் போதுமா? நுகர்வோரின் உயிருக்கோ உடலுக்கோ இதனால் என்ன காப்பு? குக்கர் வெடிக்கும், வயர் தீப்பிடிக்கும். ஆலைக்குள் போகும் மூலப்பொருளுக்கு அந்த நியாயம் தானாகப் பொருந்தாது. அரசு பி.ஐ.எஸ்.ஸைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆணை வரப்போகிறது என்று உலக வணிக அமைப்புக்கு முறையான அறிவிப்பும் போகிறது. ஜெனீவாவில் உள்ள அந்த அமைப்புக்குக் கடிதம் எழுத உள்ள அளவு உறுதியான விதி, பள்ளிபாளையத்துக்குச் செய்தி சொல்லவும் வேண்டும்.

பிற வீடுகளில்

எல்லா நாட்டிலும் அமைச்சர் தலைமை வகிப்பதில்லை. பிரிட்டனின் பி.எஸ்.ஐ. 1901-இல் பொறியாளர்களின் குழுவாகத் தொடங்கி, 1929-இல் அரச பட்டயம் பெற்ற தனி நிறுவனம். அமெரிக்காவின் ஆன்சி தனியார் அமைப்பு. அது தானாகத் தரம் எழுதுவதில்லை. எழுதுகிற அமைப்புகள் முறையான நடைமுறையைக் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்த்து அங்கீகரிக்கிறது. மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு வழி உண்டு. இலங்கையில் 1964-இல் சட்டத்தின் மூலம் உருவான தர நிறுவனம், 1984 சட்டத்தின் கீழ் எஸ்.எல்.எஸ். முத்திரையோடு அரசு அமைப்பாக இயங்குகிறது. அது நம்முடைய முறைக்கு நெருக்கம்.

நமக்கு அதிகம் கற்பிப்பது ஜெர்மனி. அங்கே டின் என்ற தர அமைப்பு ஒரு பதிவு பெற்ற சங்கம், நம் ஐ.எஸ்.ஐ. ஒரு காலத்தில் இருந்தது போல. 1975-இல் அது அந்நாட்டு ஒன்றிய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அரசு அதைத் தேசியத் தர அமைப்பாக ஏற்றது. பொதுநலனைக் காப்பதாக அது வாக்குக் கொடுத்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1974-இல், நுகர்வோருக்கென்று தனி மன்றம் அதற்குள் அமைந்தது. குழுக்களில் உட்கார்ந்து நுகர்வோர் பக்கம் பேசுவதே அந்த மன்றத்தின் வேலை. காலி இருக்கை தானாக நிரம்பாது, அதற்கென்று ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும் என்பதை அவர்கள் ஐம்பது ஆண்டுக்கு முன்பே உணர்ந்தார்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நுகர்வோருக்காகவும் குறுந்தொழிலுக்காகவும் குழுக்களில் பேச, சம்பளத்தோடு கூடிய வல்லுநர்களை அமர்த்தும் தனி மன்றம் வேண்டும். அதற்கான பணத்தை உரிமக் கட்டணத்தில் ஒரு பங்காக எடுக்கலாம். இரண்டாவது, பொதுச் சுற்று வரைவின் சுருக்கம் இந்திய மொழிகளில் வர வேண்டும். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் குழு என்ன பதில் சொன்னது என்பது பொதுவில் இருக்க வேண்டும். மூன்றாவது, கட்டாய ஆணைக்கு முன் அதன் விளைவை மதிப்பிடும் அறிக்கையை வெளியிட்டு, அந்தப் பொருளைப் பயன்படுத்தும் தொழில்களின் ஊர்களிலேயே கேட்க வேண்டும். நான்காவது, குழுவின் முடிவை அரசு நிறுத்தினால், காரணமும் கால எல்லையும் எழுத்தில் வெளியாக வேண்டும். ஐந்தாவது, தலைமை இயக்குநருக்குத் தொழில்நுட்பத் தகுதியும் நிலையான பதவிக்காலமும் வேண்டும். ஆறாவது, எழுதும் கையும் சான்றளிக்கும் கையும் படிப்படியாகப் பிரிய வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. விதிகளும் மனமும் மாறினால் போதும். தரங்களை இலவசமாக்கிய நிறுவனத்தால் இதுவும் முடியும்.

யூனிகோடில் ஒரு விதி உண்டு: ஓர் எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் அதை நகர்த்த முடியாது. 'க'-வுக்கும் 'ங'-வுக்கும் நடுவே விட்ட மூன்று காலி இடங்களை இனி எந்தத் தலைமுறையும் மூட இயலாது. நல்லவேளையாக, இந்தியத் தரங்கள் அப்படியல்ல. கேஸ் குழாயின் 9573-ம், குக்கரின் 2347-ம், விசைத்தறிக்கு நூல் தரும் இழையின் தரமும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மேசைக்குத் திரும்பி வரவேண்டியவை. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் நாற்காலிகளை மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.